ஃப்ரீசரில் இருந்த கறிக்குழம்பு

ஆக்கிய கறிக்குழம்பை ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் முறையை எங்கள் வீட்டில் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். சொல்லிக்கொடுத்தேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் கத்தினேன். அரக்கோணத்துப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியின் சமையற்கட்டில் எனக்கு மேற்பார்வை வேலை. அங்கே ஒரு பெண்ணுக்கு வயிற்றைக் கலக்கினாலும் முதலில் என் சட்டையைத்தான் பிடிப்பார்கள். அதனால் உறைந்த கறி என்றாலே எனக்குக் கொஞ்சம் பேய் பிடித்த மாதிரி ஆகிவிடும். வேலையில் அந்தப் பேய்க்கு மதிப்பு உண்டு. வீட்டில் யாரும் அதைச் சட்டை செய்வதில்லை.

திருத்தணியில் கறி தின்னும் நாளைவிடத் தின்னாத நாள்தான் அதிகம். செவ்வாய் கூடாது, வெள்ளி கூடாது, கிருத்திகை கூடாது, சஷ்டி கூடாது, அமாவாசை கூடாது. மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை. அதன் தலையில் ஒரு கிருத்திகை வந்து உட்கார்ந்தால் அதுவும் போச்சு. வாசலில் நின்றால் மலையும் கோபுரமும் முகத்துக்கு நேரே தெரிகிற வீட்டில் இருந்துகொண்டு முருகனை ஏமாற்ற முடியாது என்பாள் அம்மா. ஆனால் ஒரு நல்ல நாளில் நிறையக் கறி எடுத்து ஆக்கி, பாதியை டப்பாவில் போட்டு உறையவைத்துக்கொண்டால் அது ஏமாற்றுவதில் சேராது என்பதும் அவள் கட்சிதான். அதற்காகவே பெரிய ஃப்ரீசர் உள்ள ஃப்ரிட்ஜாகப் பார்த்து வாங்க வைத்தாள். சமையலறையில் இடம் போதாமல் அது ஹாலில் ஒரு மூலையில் நின்றது.

வைப்பதெல்லாம் சரியாகத்தான் வைப்பாள். எடுக்கும்போதுதான் தகராறு. டப்பாவை வெளியே எடுத்து ஸ்டெபிலைசர் தலையில் வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விடுவாள். ஸ்டெபிலைசர் எப்போதும் இளஞ்சூடாக இருக்குமாம், குழம்பு தானாக இளகிக்கொள்ளுமாம். வெயில் காலத்தில் துவைக்கிற கல்லே போதும். ஒருமுறை நான் ஊருக்கு வந்தபோது அந்தக் கல்லின் மேல் ஒரு டப்பா காலையிலிருந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"வெளில வெக்காதம்மா. ஓரமெல்லாம் இளகிடும், நடுவுல கட்டியாவே இருக்கும். அந்த ஓரத்துலதான் கிருமி வளரும்."

"கொதிக்கிற கொதியில எந்தக் கிருமிடீ உயிரோட இருக்கும்? உன்கிட்ட சொல்லிட்டு வந்துச்சா?"

"கிருமி செத்துடும். அது கக்கி வெச்ச விஷம் சாகாதும்மா. சிலது எவ்ளோ கொதிச்சாலும் அப்படியே இருக்கும்."

"அப்போ நான் உங்க நைனாவுக்கு விஷம் வெக்கறேன்னு சொல்ல வர. போ, போய் உன் ஹாஸ்டல்ல சொல்லு."

நான் விடவில்லை. அவளும் விடவில்லை. வருடக்கணக்காக எங்களுக்குள் ஓடிய சண்டை இது. கோபித்துக்கொண்டு நான் அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிப்போன நாளும் உண்டு. ஒரு டப்பா குழம்புக்காக இப்படி முறைத்துக்கொள்வார்களா என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்கு அது வேடிக்கையாக இருந்ததில்லை.

அம்மா மாறியது எனக்காக அல்ல, நைனாவுக்காக. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயாளி, நாக்கு நீளம். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்ட பிரியாணி ஒத்துக்கொள்ளாமல் வாந்தியும் பேதியுமாகப் படுத்தார். உடம்பில் நீரே இல்லாமல் வற்றி, சிறுநீர் நின்றுபோய், சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தார். ஆனால் கிட்னி பாதிக்கு மேல் போய்விட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் அது தாங்காது, அப்புறம் வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ்தான் என்று டாக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

அதற்குப் பிறகு ஸ்டெபிலைசர் தலையில் டப்பா ஏறவில்லை. முதல் நாள் சாயந்திரமே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுவாள். மறுநாள் மத்தியானம் வரைக்கும் அது குளிரிலேயே மெதுவாக இளகும். ஒரு வேளைக்கு ஒரு சின்ன டப்பா. நடுவில் கரண்டி விட்டுக் கலக்கி, அடி முதல் மேல் வரை தளதளவென்று கொதித்த பிறகுதான் இறக்குவாள். ஒருமுறை இளகியதைத் திரும்ப உறையவைக்கவே மாட்டாள். எல்லாம் நான் சொன்னது. ஆனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் தானே யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி அளப்பாள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்த சில இடங்களில் அது ஒன்று.

இந்த ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள், நைனாவின் கிட்னிக்காக. ஆடி பிறந்ததும் மாலை போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுவிட்டால் காவடி இறக்கும் வரை வீட்டில் கவிச்சி நுழையாது. அதற்கு முந்தைய வாரம்தான் பள்ளிப்பட்டு தாண்டி எங்கள் குலதெய்வத்துக்கு ஆடு வெட்டிப் பங்கு போட்டார்கள். எங்கள் கூறு பெரியதாகவே வந்தது. அன்றைக்கே அம்மா மொத்தத்தையும் குழம்பு வைத்தாள். ஒரு வேளை எல்லாரும் சாப்பிட்டோம். மீதி ஆறியதும் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பையைப் போட்டு முடிச்சிட்டு, ஃப்ரீசரின் கோடியில் தள்ளினாள். மாலை போட்டவள் கண்ணில் படக்கூடாது என்பதற்காக அத்தனை சுற்று.

"காவடிய எறக்கி வெச்சிட்டு வந்து நானே சுடவெச்சித் தரேன். அதுவரிக்கும் அந்தப் பக்கம் கண்ண வெக்காதீங்க," என்று நைனாவிடம் சொன்னாள்.

"கண்ணுதானே வெக்கக்கூடாது," என்றார் நைனா.

"கையும்தான்."

மாலை போட்டுச் சில நாள்கூட ஆகவில்லை. காலையில் பூஜைக்குப் பூப் பறிக்கக் கொல்லைக்குப் போனவள் அங்கேயே விழுந்து கிடந்தாள். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும் வழியிலேயே போய்விட்டாள். நான் செய்தி கேட்டு அரக்கோணத்திலிருந்து வந்து இறங்கும்போது அவளைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் படுக்கவைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கழுத்தில் துளசி மாலையோடு கிடந்தாள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தம்பி துபாயிலிருந்து வந்து சேர வேண்டும். அவனுக்கு டிக்கெட் கிடைத்து, விமானம் ஏறி, வந்து சேர்வதற்குள் இரண்டு இரவு போய்விட்டது. அதுவரை அவளை ஆஸ்பத்திரிப் பிணவறையில் போட நைனா ஒத்துக்கொள்ளவில்லை. ஆடி மாதம் என்றுதான் பெயர், வெயில் சித்திரையைப் போலக் கொளுத்தியது. ஐஸ் பெட்டி ஹால் நடுவில் உறுமிக்கொண்டே இருந்தது. அதன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். தரையில் தண்ணீர் கோடுகோடாக ஓடி வந்தது. பெட்டியிலிருந்துதான் ஒழுகுகிறது என்று பழைய துணியைப் போட்டுத் துடைத்தேன். மறுபடி ஓடி வந்தது. மறுபடி துடைத்தேன். ஏதாவது செய்ய ஒரு வேலை கிடைத்ததே என்று இருந்தது எனக்கு.

அவளை எடுத்துப்போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவினோம். சாவு விழுந்த வீட்டில் ஆக்கிவைத்தது எதுவும் இருக்கக்கூடாது, குடத்துத் தண்ணீரைக்கூட ஊற்றிவிட வேண்டும். நைனாவின் அக்கா, எங்கள் அத்தை, முன்னால் நின்று ஒவ்வொன்றாக வெளியே அனுப்பினாள். சோறு போனது, ஊறுகாய் ஜாடி போனது, இட்லி மாவு போனது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டைக் காலி செய்துவிட்டு ஃப்ரீசர் பக்கம் திரும்பியபோது சுடுகாட்டிலிருந்து வந்து ஈரத் துணியோடு நின்றிருந்த நைனா குறுக்கே போய்க் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"கீழ இருக்கறத எடுத்துக் கொட்டியாச்சு இல்ல? மேல இருக்கறதுல யாரும் கைய வெக்காதீங்க."

"தீட்டுடா. ஆக்கின சோறு கொழம்பு எதுவும் இருக்கக்கூடாது."

"அது கொழம்பு இல்லக்கா. ஐஸ் கட்டி. ஐஸுக்கு இன்னா தீட்டு?"

அத்தை என்னைப் பார்த்தாள். நான் தரையைக் கழுவினேன். ஐஸுக்குத் தீட்டு உண்டா இல்லையா என்று வாதம் செய்யும் தெம்பு அன்று யாருக்கும் இல்லை. அவர் அந்த இடத்தைவிட்டு நகரவும் இல்லை. யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். ஃப்ரிட்ஜுக்கு முன்னாலேயே உட்கார்ந்துகொண்டார்.

காரியத்துக்கு முன்னாலேயே ஆடிக் கிருத்திகை வந்தது. ஊர் முழுக்க மஞ்சள் துணி. ரயிலில் வந்து இறங்கி, பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் தெரு வழியாகவே பூக்காவடிகள் போயின. அரோகரா என்று கூட்டம் கூப்பிடும்போதெல்லாம் நைனா எழுந்து ஜன்னலைச் சாத்தினார். சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, காற்று வரவில்லை என்று திரும்பத் திறந்தார். எங்கள் வீட்டில் யாரும் ஒரு வருஷத்துக்கு மலை ஏறக்கூடாது. அம்மாவின் காவடி பூ கட்டாத வெறும் கட்டையாகப் பரணில் கிடந்தது. என்னைக் கேட்டால் முருகன் அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தாலும் நான் தண்ணீர் கொடுத்திருக்க மாட்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் கறி எடுத்துச் சமைத்து, செத்தவர் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்துவிட்டு, அதன் பிறகு வீட்டில் உள்ளவர்கள் கவிச்சி தொடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தையே கறி எடுத்து ஆக்குவதாகச் சொன்னாள். காரியத்தன்று மத்தியானம் நைனா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்கி அந்த டப்பால ஒண்ண எடு. அவ வெச்ச கொழம்ப அவளுக்கே வெச்சிட்டு நான் துன்றேன். கடைக் கறி எனக்கு வாணாம்."

"சரி நைனா."

"நீ சொல்லுவியே, மொத நாளே எடுத்துக் கீழ வெக்கணும்னு. அந்த மாரியே செய்யி. உங்கம்மா அப்டித்தான் செய்வா."

இவ்வளவு நாளில் அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஒரு பொருள் அதுதான். சோறு வேண்டுமா என்றால் தலையாட்டுவார், வேண்டாமா என்றாலும் தலையாட்டுவார். இதை மட்டும் கேட்டார். சாயந்திரம் அவர் வாசலில் வந்தவர்களோடு உட்கார்ந்திருந்தபோது நான் ஒரு டப்பாவைச் சுற்றிய பையோடு அப்படியே எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தேன். கல்லு மாதிரி இருந்தது. அம்மா இருந்திருந்தால் பக்கத்தில் நின்று, அடியில் ஒரு தட்டு வை, இல்லாவிட்டால் வியர்க்கும் என்று எனக்கே வாத்தியார் வேலை பார்த்திருப்பாள். தட்டு வைத்தேன்.

காலையில் அத்தை பின்கட்டில் புதுக்கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். நான் டப்பாவை எடுத்து முடிச்சை அவிழ்த்தேன். பையை உருவினேன். உள்ளே செய்தித்தாள் காகிதமாகவே இல்லை. குழம்பும் எண்ணெயும் ஊறி, கூழாகி, டப்பாவைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டியாக இருந்த குழம்பு வழிய முடியாது. ராத்திரி இளகியதில் வழிந்ததா என்று பார்த்தேன். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, டப்பா நேராகத்தான் நின்றது, அடியில் வைத்த தட்டில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

ஃப்ரீசரைத் திறந்தேன். ஐஸ் தட்டில் தனித்தனிக் கட்டியாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் சாய்ந்து ஒரே பலகையாக உறைந்திருந்தது. மற்ற டப்பாக்கள் இருந்த கோடியில் தரையோடு தரையாகச் சிவப்பாக ஒரு பனித் தகடு. விரலால் சுரண்டினேன். மிளகாயும் எண்ணெயும் கலந்த அம்மாவின் குழம்பு அது. எல்லாம் ஒருமுறை முழுசாக உருகி, தண்ணீராகி, சாய்ந்த பக்கம் வழிந்து, பிறகு திரும்ப உறைந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தார். அவர்தான் எனக்கு முன்னாலேயே ஓடி வந்து, அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் கூட நின்றவர்.

"ஏங்க, நடுவுல எப்பவாச்சும் ரொம்ப நேரம் கரண்ட் போச்சா?"

"இல்லியே."

"ஃப்ரிட்ஜ் நின்னு போயிருக்கு. ஒரு நாளைக்கி மேலயே நின்னிருக்கு."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "ஐஸ் பெட்டிக்குப் பெரிய பின்னும்மா. ஹால்ல இருக்கறதுல ஃப்ரிட்ஜோட ப்ளக் பாயிண்ட்டு மட்டும்தான் பெருசு. அத கழட்டிட்டுத்தான் இத சொருவினது. பெட்டிய எடுத்துகினு போவும்போது பெட்டிக்காரரே பழையபடி மாட்டிட்டுப் போனாரு. எனக்கு இப்பதான் ஞாபகமே வருது."

நான் துடைத்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஐஸ் பெட்டி உறுமிய உறுமலில், மூலையில் ஃப்ரிட்ஜ் மூச்சு நின்றது யார் காதிலும் விழவில்லை.

"யாரு கழட்டினது?"

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாமாதான். பெட்டிக்காரரு ப்ளக்கு எங்க, ப்ளக்கு எங்கன்னு தேடிகினு இருந்தாரு. மாமா ஓடி வந்து, இந்த வெக்கையில அவ எப்டிடா இருப்பா, சீக்கிரம், சீக்கிரம்னு சொல்லிகினே அவரு கையாலயே இழுத்துப் புடுங்கினாரு. அவருக்கு அது ஞாபகம்கூட இருக்காது."

அவளுக்குப் புழுங்கக்கூடாது என்று அவர் பிடுங்கியது அவள் அவருக்காக வைத்துவிட்டுப் போன குழம்பின் உயிரை. அதே கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பிறகு காவலும் காத்திருக்கிறார். ஆடி வெக்கையில் மூடிய பெட்டிக்குள் இரண்டு ராத்திரி கிடந்த கறி. எங்கள் விடுதியில் இப்படி ஒரு டப்பா வந்திருந்தால் திறந்துகூடப் பார்க்காமல் தூக்கி எறியச் சொல்லியிருப்பேன். யோசிக்க ஒன்றுமே இல்லை.

ஆனால் நான் திறந்தேன். எதற்காகத் திறந்தேன் என்று தெரியவில்லை. கெட்டுப்போன வாடை அடித்தால் மனசு ஆறும் என்று நினைத்தேனோ என்னவோ. மூடியைத் தூக்கியதும் வந்தது அம்மாவின் குழம்பு வாசனை. தனியாவும் கசகசாவும் வறுத்த வாசனை, தேங்காயை எப்போதும் ஒரு சுற்று கூடுதலாக வறுத்துவிடுவாளே, அந்தக் கருகல் வாசனை. வீணாய்ப்போன வாடை ஒரு துளி இல்லை. அவள் அடுப்புக்கு முன்னால் நிற்கிற மாதிரியே இருந்தது. நான் அழ ஆரம்பித்தேன்.

வாசனை பிடித்துக்கொண்டு தம்பி உள்ளே வந்தான். டப்பாவையும் என்னையும் பார்த்தான். என் வீட்டுக்காரர்தான் அவனுக்கு விஷயத்தைச் சொன்னார்.

"நல்லாத்தானே இருக்குதுக்கா," என்றான். "நாத்தமே இல்ல பாரு. ரெண்டு தடவ நல்லா கொதிக்க வெச்சிடலாம்."

"வாசனைய வெச்சிச் சொல்ல முடியாதுடா. கெட்டது எல்லாம் நாறாது. உள்ள இன்னா இருக்குன்னு நமக்குத் தெரியாது."

"ஒரு கரண்டி. நைனாவுக்கு ஒரே ஒரு கரண்டி. இன்னா ஆயிடும்?"

"ஒண்ணுமே ஆகாமலும் இருக்கலாம். ஆச்சுன்னா? மறுபடி வாந்தி பேதின்னு விழுந்தா அவரு கிட்னி தாங்குமா? டாக்டர் இன்னா சொன்னாருன்னு நீ போன்ல கேட்டுகினுதானே இருந்த."

"அவருக்கு வாணாம். எனக்குக் குடு. மூணு வருஷமா நான் அம்மா கையால துன்னலக்கா."

சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி முகத்தைக் கோணிக்கொண்டு அழுதான். அந்தப் பெரிய உடம்பை நான் கட்டிக்கொண்டேன். அவனுக்குக் கொடுத்திருக்கலாம், அவன் உடம்பு தாங்கியிருக்கும் என்று இப்போதும் சில நாள் தோன்றும். ஆனால் அவன் தின்பதைப் பார்த்துவிட்டு நைனா சும்மா இருப்பாரா? கொடுக்கவில்லை. என் விரலில் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. அதை வாயில் வைத்தால் என்ன ஆகிவிடும் என்று எனக்கும் நாக்கு துடித்தது. கல் மனசு என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், அதை நான் குழாயில் கழுவினேன்.

"நைனாகிட்ட யாரு சொல்றது?" என்றான் தம்பி.

"நான் சொல்றேன். ஆனா ப்ளக்க யாரு புடுங்கினதுன்னு ரெண்டு பேரும் வாயத் தொறக்கக்கூடாது. எப்பவுமே கூடாது."

கொல்லையில் நாய் தோண்டாத ஆழத்துக்குத் தம்பி குழி வெட்டினான். ஒவ்வொரு டப்பாவாகக் கொண்டுபோய்க் கவிழ்த்தோம். உறைந்திருந்தவை டப்பாவின் வடிவத்திலேயே விழுந்தன. இளகியிருந்தது மட்டும் ஊற்றும்போது மணத்தது. மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு வந்தோம். சுடுகாட்டுக்குப் பெண்கள் போகக்கூடாது என்பதால் அன்றைக்கு என்னை விடவில்லை. எனக்குக் கிடைத்த மண் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நைனா குளித்துப் புது வேட்டி கட்டிக்கொண்டு, படத்துக்கு முன்னால் இலை போட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் வெறும் கையோடு போய் நின்றேன்.

"கொழம்பு எங்க?"

"கெட்டுப்போச்சு நைனா. கொட்டிட்டேன்."

"எப்டிக் கெட்டுப்போவும்? ஐஸ்ல இருந்தது."

"எல்லாத்தையும் நேத்து எடுத்து வெளில வெச்சேன். ஃப்ரீசர் தொடைக்கலாம்னு. ஆளுங்க வந்துகினே இருந்தாங்களா, அப்டியே மறந்துட்டேன். எல்லாம் இளகிப்போச்சு. நான்தான்."

அவர் முதலில் நம்பவில்லை. எழுந்துபோய் ஃப்ரீசரைத் திறந்து பார்த்தார். அதை நான் அதற்குள் வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்திருந்தேன். சுத்தமாக இருந்தது. வெறும் தட்டைக் கையால் தடவிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்கம்மாவ எவ்ளோ பேச்சு பேசின நீ? வெளில வெக்காத, கல்லுல வெக்காத, அது வளரும் இது வளரும்னு. வாய் ஓயாம பேசினியேடீ. அவ ஒரு நாளாச்சும் ஒரு டப்பாவ வீணாக்கினாளா? கடைசியா வெச்சிட்டுப் போனா. அத கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்து நிக்கற."

சாவு வீட்டில்கூட இப்படி அவர் குரல் உயரவில்லை. அத்தை ஓடி வந்தாள். வாசலில் இருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வாய் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்பது பதில் சொல்கிற வாய். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வேலையில் யாராவது என்னை இப்படிக் குற்றம் சொல்லியிருந்தால் அங்கேயே கிழித்திருப்பேன். இதை மட்டும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும் என்று இருந்தது. அவருடைய கை பிடுங்கிய ப்ளக் அது என்று தெரிந்தால், இந்தக் கோபம் முழுக்க அவர் மேலேயே திரும்பும். அதைத் தாங்குகிற உடம்பு அல்ல அவருடையது.

அத்தை அவரைப் பிடித்து உட்காரவைத்தாள். புதுக்கறிக் குழம்பையும் சோற்றையும் அம்மாவின் இலையில் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். பிறகு எல்லாருக்கும் இலை போட்டார்கள். தம்பி நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் பரிமாறினேன். நைனா சோற்றைத் தொடவில்லை. தண்ணீர் தெளித்த இலையைப் பார்த்தபடியே இருந்தார். மற்றவர்கள் பாதி சாப்பிட்டுவிட்டார்கள். சாப்பிட்டுத்தான் மாத்திரை போட வேண்டும். நான் குனிந்து, "கொஞ்சம் துன்னு நைனா," என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. கோபம் போயிருந்தது. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"தொறந்து பாத்தியா?"

"ஆங் நைனா."

"வாசன இருந்துச்சா?"

தம்பி கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

"இல்ல நைனா," என்றேன். "நாறிப்போயிருந்துச்சு. கிட்ட போவ முடியல."

அவர் இலையை நேராக்கினார். பிறகு, "அப்போ கொட்டினதுதான் சரி," என்று சொல்லிவிட்டு, அத்தை வைத்த குழம்பை இழுத்துச் சோற்றில் பிசைந்தார். தம்பி இலையை மூடிவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போனான். நைனா அதைக் கவனிக்கவில்லை. தலை குனிந்தபடி ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.